ஃபர்னஸ் போடும் முன்: ஒன்ராறியோ வீடுகளுக்கான குளிர்காலக் கேள்வி பதில்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு ஒன்றுதான். பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ், அதன் தலையில் ஏசி காயில், வெளியே ஏசி பெட்டி, இரண்டுக்கும் பொதுவாக அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய். கோடையில் குளிர்காற்றைத் தள்ளும் அதே விசிறிதான் குளிர்காலத்தில் சூட்டையும் தள்ளுகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதி, அந்த விசிறிக்குப் போதிய காற்று கிடைக்கிறதா என்பதில்தான் வந்து முடியும்.

எப்போது தொடங்குவது?

செப்டம்பர் கடைசியில், அல்லது அக்டோபர் முதல் வாரத்தில். குளிர் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெளியே 15 டிகிரி இருக்கும் ஒரு நாளில் தெர்மோஸ்டாட்டை ‘ஹீட்’டுக்கு மாற்றி, அறை வெப்பத்தைவிட 3 டிகிரி கூட்டி வைத்து, 20 நிமிடம் ஓடவிடுங்கள். எல்லா அறைக்கும் சூடு வருகிறதா, புதிதாக ஏதாவது சத்தம் கேட்கிறதா, பற்றிய நெருப்பு நிற்கிறதா என்று பாருங்கள். பழுது இருந்தால் அன்றே தெரிந்துவிடும். நவம்பரில் முதல் கடுங்குளிர் இரவு வந்ததும் ஊரே ஒரே நேரத்தில் டெக்னிஷியனைக் கூப்பிடும். அப்போது வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தெர்மோஸ்டாட்டில் பேட்டரி இருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள். ‘ஃபர்னஸ் செத்துப்போச்சு’ என்று பதறிக் கூப்பிடுகிறவர்களில் சிலருக்குச் செத்தது பேட்டரி மட்டும்தான்.

முதல் நாள் போட்டதும் கருகல் வாடை வருகிறது. பயப்பட வேண்டுமா?

கோடை முழுக்கப் படிந்த தூசி சூட்டில் எரிகிற வாடை அது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். போகாமல் பிளாஸ்டிக் அல்லது வயர் கருகுகிற வாடையாக மாறினால் ஃபர்னஸ் பக்கத்திலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் விஷயமே வேறு. எரிவாயு கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். விளக்கு சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், வீட்டுக்குள் நின்று போன் பண்ணவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, தள்ளி நின்று, எரிவாயுக் கம்பனியின் அவசர எண்ணையோ 911ஐயோ அழையுங்கள்.

பில்டரை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எதை வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1 அங்குலத் தடிப்புள்ள மெல்லிய பில்டர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். 4 அல்லது 5 அங்குலத் தடிப்புள்ளது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். நம் வீடுகளில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துப் பிடிப்பது நல்லது. நாளுக்கு இரண்டு தாளிப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சுவாமி அறையில் தினமும் ஊதுபத்தி என்றிருக்கும் வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் கடைசியில் பில்டரில்தான் போய் ஒட்டும். மாதம் ஒருமுறை வெளியே இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

அளவு பழைய பில்டரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும்: 16×25×1, 20×25×4 என்பது போல. ஓரத்தில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அது ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று அறைகளிலிருந்து திரும்பி வந்து, பில்டரைத் தாண்டி, ஃபர்னஸுக்குள் போகிறது. அம்பும் அந்தத் திசையில்தான் போக வேண்டும்.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ‘மெர்வ்’ என்று ஒரு எண் இருக்கும். எண் கூடக் கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும். ஆனால் 1 அங்குல இடத்துக்குள் மெர்வ் 13 பில்டரைச் செருகினால் பல பழைய ஃபர்னஸ்களுக்கு மூச்சு முட்டும். மெல்லிய பில்டருக்கு மெர்வ் 8 போதும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் 11 வரை போகலாம். 13 வேண்டுமென்றே நினைத்தால் 4 அங்குல பில்டர் பொருந்தும் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போடுங்கள். விலை கூடியதுதான் நல்லது என்ற நம் நினைப்பு இங்கே வேலைக்காகாது.

மூச்சு முட்டினால் என்ன ஆகும்? உள்ளே நெருப்பு எரிகிறது, அந்தச் சூட்டை எடுத்துப்போகக் காற்று போதவில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் எனப்படும் உலோகக் கூடு அளவுக்கு மேல் சூடாகிறது. பாதுகாப்புக்காக வைத்திருக்கும் லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடுகிறது. விசிறி மட்டும் ஓடி, வெறும் காற்றை ஊதுகிறது. கூடு ஆறியதும் மறுபடி நெருப்பு, மறுபடி அணைவு. உங்களுக்குத் தெரிவதோ ‘ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, வீடு சூடாகவில்லை’ என்பது மட்டும்தான். இப்படியே வருடக் கணக்கில் போனால் அந்தக் கூட்டில் வெடிப்பு விழலாம். அதற்குப் பிறகு புது ஃபர்னஸ்தான். சில டொலர் பில்டரைத் தள்ளிப்போட்டதில் வந்த செலவு அது.

யாரும் இல்லாத அறைகளின் காற்றுத் துளைகளை மூடினால் எரிவாயு மிச்சமாகுமா?

ஆகாது. மேலே சொன்ன அதே காரணம்தான். ஃபர்னஸ் முழு வீட்டுக்கும் அளவெடுத்துப் போட்டது. நாலைந்து துளைகளை மூடினால் காற்று முட்டிக்கொண்டு நிற்கும். ஓரிரண்டைப் பாதி சாத்துவதில் தவறில்லை.

அதைவிட முக்கியம், சுவரின் அடியில் பெரிய சட்டம் போட்டிருக்கும் திரும்புக் காற்றுத் துளைகள். அவற்றில் சூடு வராது என்பதால் நாம் கண்டுகொள்வதே இல்லை. சோபாவை ஒட்டி வைப்போம், ஊரிலிருந்து வந்த பெட்டிகளை அடுக்குவோம். இந்த வார இறுதியில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி அவற்றை விடுவியுங்கள். செலவே இல்லை.

வருடாவருடம் டெக்னிஷியனைக் கூப்பிட வேண்டுமா? வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்?

கூப்பிடுங்கள். உத்தரவாதம் நடப்பில் இருக்கும் ஃபர்னஸ் என்றால் பராமரிப்பு ரசீதைப் பல கம்பனிகள் கேட்கும்.

ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவியில் கை வைப்பதற்கு உரிமம் வேண்டும். டிஎஸ்எஸ்ஏ என்ற அமைப்பில் பதிவு செய்த நிறுவனம், ஜி2 போன்ற உரிமம் உள்ள ஆள். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தெரிந்த தம்பி, நல்ல பொடியன், கையில் காசு கொடுத்தால் பாதி விலைக்குச் செய்வான் என்பதெல்லாம் பெயின்ட் அடிக்கச் சரி. எரிவாயுவுக்குச் சரிவராது.

வந்தவர் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு பில் கொடுத்தால் அது பராமரிப்பு இல்லை. பர்னர்களைப் பார்த்து, ஃபிளேம் சென்சரைத் துடைக்க வேண்டும். அது நெருப்பு எரிகிறதா என்று கண்டுபிடிக்கும் ஒரு மெல்லிய கம்பி. அதில் படலம் படிந்தால் ஃபர்னஸ் பற்றி, சில நொடியில் அணைந்து, மறுபடி பற்றும். சில தடவை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சர், புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி, எரிவாயு அழுத்தம், காற்று எவ்வளவு டிகிரி சூடேறி வெளிவருகிறது என்ற அளவு, எல்லாம் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வடியும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி காலம் முடிந்துவிட்டதே, இனி என்ன தண்ணீர் என்று கேட்கலாம். இப்போதைய அதிதிறன் ஃபர்னஸ்கள் புகையில் உள்ள சூட்டையும் உறிஞ்சிவிடுவதால் உள்ளிருக்கும் நீராவி தண்ணீராகி வடிகிறது. குளிர்காலம் முழுக்க வடியும். கோடையில் அதே குழாயில் பாசி அடைத்திருந்தால், அல்லது தண்ணீரை ஏற்றிவிடும் குட்டி பம்ப் நின்றிருந்தால், ஃபர்னஸும் நின்றுவிடும்.

வந்தவர் சிவப்பு அட்டை கட்டிவிட்டு, உடனே புது ஃபர்னஸ் போடவேண்டும் என்கிறார். என்ன செய்வது?

சிவப்பு அட்டை விளையாட்டில்லை, அலட்சியப்படுத்தக் கூடாது. அதில் இரண்டு வகை உண்டு. ஏ வகை என்றால் உடனடி ஆபத்து, எரிவாயுவை அப்போதே நிறுத்திவிடுவார்கள். பி வகை என்றால் குறை இருக்கிறது, சரிசெய்யக் காலக்கெடு இருக்கிறது.

ஆனால் அட்டை கட்டியவரிடம்தான் புதிது வாங்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ‘வெடிப்பைக் காட்டுங்கள், படம் எடுத்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். உரிமம் உள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான வெடிப்பு என்றால் இரண்டாமவரும் அதையே சொல்வார். ‘இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை’ என்ற பேச்சு வந்ததும் கதவைக் காட்டிவிடுங்கள்.

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டி, ‘உங்கள் ஃபர்னஸைப் பரிசோதிக்க அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறோம்’ என்கிறார்களே?

அரசாங்கம் அப்படி யாரையும் அனுப்புவதில்லை.

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில், நீங்கள் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, டக்ட் சுத்தம் போன்றவற்றை விற்று ஒப்பந்தம் போடுவது தடை. அப்படி வாங்கிய கையெழுத்து செல்லாது. நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம்.

இதில் எங்கள் சனத்தில் நிறையப் பேர் சிக்கினார்கள். பகலில் வீட்டில் இருப்பது வயதான அம்மா அப்பா. வந்தவர் நல்லாய்ப் பேசுவார், சில சமயம் தமிழிலேயே பேசுவார். ‘மாத வாடகை மட்டும்தான், முன்பணம் ஒன்றுமில்லை’ என்பார். கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டின் உறுதியின் மேல் அந்தக் கம்பனி ஒரு உரிமைப் பதிவைப் போட்டுவிடும். வீட்டை விற்கும்போதோ மோர்ட்கேஜ் மாற்றும்போதோதான் அது வெளியே தெரியும். கருவியின் விலையைப்போலப் பல மடங்கு கட்டித்தான் அதை நீக்க வேண்டியிருந்தது. 2024 ஜூன் 6 முதல் வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு இப்படி உரிமைப் பதிவு போடுவதையே மாகாண அரசு தடை செய்துவிட்டது. பழைய பதிவு உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று சந்தேகமென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவு போனாலும் வாடகை ஒப்பந்தம் தானாகப் போய்விடாது, அதை நினைவில் வையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு வாசகத்தைச் சொல்லிக் கொடுங்கள்: ‘மகன் வந்த பிறகு வாருங்கள்.’ எரிவாயு பில்லை மட்டும் யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். கணக்கு எண் அதில்தான் இருக்கிறது.

கார்பன் மொனொக்சைட் அலாரம் எங்கே வைக்க வேண்டும்?

நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால்தான் கருவி. 2008இல் உட்ஸ்டாக் நகரில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் ஹாக்கின்ஸ்–கினியாக் சட்டம் வந்தது. அதன்படி 2014 முதல் படுக்கை அறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் விதி இன்னும் இறுகியிருக்கிறது. எரிவாயுக் கருவியோ, கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கை அறைகளின் அருகே மட்டுமல்ல, ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். பேஸ்மென்டும் ஒரு மாடிதான்.

அலாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் 7 முதல் 10 வருடம். பச்சை விளக்கு எரிவதால் வேலை செய்கிறது என்று நினைக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வருகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, வெளியே போனால் சரியாகிறது என்றால், அலாரம் அடிக்காவிட்டாலும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவை என்ன?

ஒன்று ஃபர்னஸுக்குக் காற்று எடுக்கிறது, மற்றது புகையை விடுகிறது. இலை, குளவிக்கூடு, சைக்கிள், குப்பைத்தொட்டி எதுவும் அடைக்காமல் பாருங்கள். பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் டிரைவ்வேயை அள்ளும்போது இதையும் அள்ளுங்கள். அள்ளிய பனியை இதன் முன்னால் குவிக்க வேண்டாம், அதுதான் அடிக்கடி நடக்கிறது.

வெளியே இருக்கும் ஏசி பெட்டியைப் போர்த்த வேண்டுமா?

முழுக்கப் போர்த்த வேண்டாம். மழையிலும் பனியிலும் நிற்பதற்காகவே செய்த பெட்டி அது. பிளாஸ்டிக் உறையால் கழுத்துவரை மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். எலிக்கும் அணிலுக்கும் அது நல்ல கூடாகிவிடும், வயரைக் கடித்துவைக்கும். மரத்தடியில் இருந்தால், அல்லது கூரையிலிருந்து பனிக்கட்டி விழும் இடமென்றால், தலையில் மட்டும் ஒரு பலகை போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இலைகளை அகற்றி, பக்கங்களை ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். வெளியே 15 டிகிரிக்குக் கீழே போன பிறகு ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஏசியைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், கம்ப்ரசருக்கு நல்லதல்ல.

எங்கள் வீட்டில் ஹீட் பம்ப். அதற்கும் இதேதானா?

நேர் எதிர். வெளியிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே கொண்டுவரும் கருவி அது, குளிர்காலத்திலும் ஓடுகிறது, ஆகவே போர்த்தவே கூடாது, மின்சாரத்தையும் அணைக்கக் கூடாது. சுற்றிலும் பனியை அகற்ற வேண்டும். குளிர் நாளில் அதிலிருந்து புகை மாதிரி எழும்பும், வெளி விசிறி நின்றுபோகும். உறைந்த பனியை அதுவே உருக்கிக்கொள்கிறது, வருவது நீராவி. சில நிமிடத்தில் வழமைக்கு வந்துவிடும்.

ஜன்னலெல்லாம் தண்ணீராய் வடிகிறது. ஆனால் தோல் வறண்டு உதடு வெடிக்கிறது. காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை எவ்வளவில் வைப்பது?

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், காரணம் குளிர்ந்த கண்ணாடி. வெளியே குளிரக் குளிர, உள்ளே வைக்கக்கூடிய ஈரப்பதமும் குறையும். வெளியே பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் 35 முதல் 40 விழுக்காடு. மைனஸ் 10க்குக் கீழே போனால் 30. மைனஸ் 20 என்றால் 20 முதல் 25. வானிலையைப் பார்த்து நாமே திருக வேண்டும். அக்டோபரில் 45இல் வைத்துவிட்டு மறந்தால் ஜனவரியில் ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சைதான்.

நம் சமையலில் இருந்து வரும் ஈரத்தைக் கணக்கில் சேருங்கள். இடியப்பம் அவிக்கிறோம், புட்டு அவிக்கிறோம், சோறும் குழம்பும் கொதிக்கிறது, எட்டுப் பேர் குளிக்கிறார்கள். ஆள் நிறைந்த வீட்டில் ஹியூமிடிஃபையர் தேவைப்படாமலே போகலாம். பத்து டொலருக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கி அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுப்புக்கு மேலுள்ள விசிறியையும் குளியலறை விசிறியையும் போட மறக்க வேண்டாம். எச்ஆர்வி எனப்படும் காற்று மாற்றும் கருவி இருக்கும் வீட்டில் அதன் பில்டரைக் கழுவி, அதை ஓடவிடுங்கள். ‘சூடு வெளியே போகிறது’ என்று அணைத்துவைக்கிறார்கள் பலர். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றுவதுதான் அதன் வேலையே.

ஹியூமிடிஃபையர் ஃபர்னஸோடு பொருத்தியது என்றால்: உள்ளிருக்கும் சல்லடைத் தட்டை வருடம் ஒருமுறை மாற்றுங்கள், தண்ணீர் வால்வைத் திறங்கள், பக்கத்துக் குழாயிலுள்ள சின்னப் பிடியைக் கோடையிலிருந்து குளிர்காலத்துக்குத் திருப்புங்கள். அந்தப் பிடியை மறந்துவிட்டு ஹியூமிடிஃபையர் பழுது என்று சொல்பவர்கள் நிறைய.

தெர்மோஸ்டாட்டை எத்தனையில் வைப்பது?

பகலில் 20 அல்லது 21, படுக்கும்போது 17 அல்லது 18. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோ கைக்குழந்தையோ இருந்தால் கூட்டி வையுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 28இல் வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகும் என்பது மட்டும் தவறு. பெரும்பாலான ஃபர்னஸ்கள் ஒரே வேகத்தில்தான் எரியும், அதிக நேரம் எரியும், அவ்வளவுதான். ஹீட் பம்ப் என்றால் இரவில் அதிகம் இறக்க வேண்டாம். காலையில் ஒரேயடியாக ஏற்றும்போது செலவு கூடிய துணை ஹீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். தெர்மோஸ்டாட் மேல்வீட்டில். கீழே நடுங்குகிறோம்.

மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகர விதி 21 கேட்கிறது. மேலே 21 காட்டுவது கணக்கில்லை, நீங்கள் இருக்கும் அறையில் இருக்க வேண்டும். ஒரு வெப்பமானியை வைத்து, நேரம் தெரியும்படி படம் எடுத்து, வீட்டுக்கார அண்ணையிடம் நேரில் சொன்னதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவையுங்கள். சரிவரவில்லை என்றால் ரொறன்ரோவில் மாநகரச் சேவை எண்ணான 311ஐ அழைக்கலாம்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று: சூடு மேலே ஏறும், பேஸ்மென்டில் காற்றுத் துளைகள் கூரையில் இருக்கும், திரும்புக் காற்றுத் துளை பல வீடுகளில் கிடையவே கிடையாது. டக்ட் வேலை தெரிந்தவரைக் கொண்டு தரையை ஒட்டி ஒன்று போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை ஹீட்டர் கொடுத்தால் 1500 வாட் ஹீட்டரை நேரே சுவர்ப் பிளக்கில் போடச் சொல்லுங்கள். நீட்டு வயரில் போட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம்.

கொண்டோவில் இருக்கிறோம். அக்டோபரிலேயே குளிர்கிறது, சூடு வரவில்லை.

பல கட்டடங்களில் ஒரே குழாய்ச் சோடிதான். கோடையில் குளிர்நீர், குளிர்காலத்தில் வெந்நீர். மாற்றும் நாளை நிர்வாகம்தான் தீர்மானிக்கும். நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் சுவர்ப் பெட்டியின் பில்டரை மாற்றி, தண்ணீர் வடியும் தட்டைச் சுத்தம் செய்து வைப்பது.

‘டக்ட் கிளீனிங்’ என்று நாளுக்கு மூன்று போன் வருகிறது. செய்ய வேண்டுமா?

வருடாவருடம் வேண்டியதில்லை. புதுவீடு, பெரிய திருத்தவேலை, எலித் தொல்லை, பூஞ்சை என்றிருந்தால் செய்யுங்கள். அதையும் போனில் வந்தவரிடம் கொடுக்காதீர்கள்.

டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகலாமா?

கூடவே கூடாது. குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, திரும்பி வரும்போது பேஸ்மென்ட் குளமாகியிருக்கும். தெர்மோஸ்டாட்டை 15 அல்லது 16இல் வைத்து, புது பில்டர் போட்டு, தண்ணீரின் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிட்டுப் போங்கள். வாட்டர் ஹீட்டரை ‘வெக்கேஷன்’ நிலைக்குத் திருப்புங்கள். ஃபர்னஸோடு பொருத்திய ஹியூமிடிஃபையரையும் நிறுத்திவிடுங்கள். தோட்டத்துக் குழாய்க்கு உள்ளேயிருந்து வரும் வால்வை அக்டோபரிலேயே மூடியிருக்க வேண்டும்.

போகுமுன் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், யாராவது தவறாமல் வந்து சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். திறப்பை வாங்கும் மச்சானிடம் வந்துபோன ஒவ்வொரு முறையும் தெர்மோஸ்டாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நட்டம் கேட்கும்போது அந்தப் படங்கள் உதவும்.